பேய்களுக்கு உடுப்பு தெச்சவங்க

பேயப் பாத்து நாங்க அத்தனை பேரும் கத்துறோம், அவங்க ஒருத்தங்க மட்டும் "அடச்சீ, தோள்பட்டையில சுருக்கு விழுந்திருச்சே"ன்னு தலையில அடிச்சுக்கிறாங்க.

தோட்டத்துத் திருவிழாவுக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் படம் போட்ட நாளு அது. வேலைக்குப் போறவங்க புள்ளைகள விடுற பிள்ளைமடுவத்து ஜன்னலையெல்லாம் சாக்கால அடைச்சு, பட்டப்பகல்லயே இருட்டாக்கி வெச்சிருந்தாங்க. கறுப்பு வெள்ளையில ஒரு பழைய சிங்களப் படம். பாழடைஞ்ச பங்களா, உள்ள ஒரு மந்திரவாதி, மாடிப்படியில வெள்ளை உடுத்துன ஒருத்தி எறங்கி வர்றா. எங்கம்மா பயத்துல என் தொடையில நகத்தப் பதிச்சிருச்சு. அந்த நேரம் பாத்து இவங்க எந்திரிச்சு டிவிகிட்டப் போயி, பேயோட தோள விரலால தொட்டுக் காட்டி, "இந்தா, இந்த எடம். பிரிச்சுத் தெக்க நேரம் குடுங்கன்னு அந்த டைரக்டர் மாத்தியாகிட்ட அன்னைக்கே சொன்னேன், மனுசன் கேட்டாத்தானே"ன்னு சண்டை புடிக்கிறாங்க. பயந்துகிட்டிருந்த சனம் பூராவும் சிரிக்க ஆரம்பிச்சிருச்சு. அதுவும் அவங்களுக்குப் புடிக்கல. "சிரிக்காதீங்கடி, அந்தச் சுருக்கு மட்டும் இல்லாட்டி அழுதிருப்பீங்க"ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாங்க.

பேரு எதுக்கு? தோட்டத்துல அவங்க பேரச் சொல்லிக் கேட்டா யாருக்கும் தெரியாது. சினிமா அத்தைன்னா சின்னப்புள்ள கூடக் கையக் காட்டும். கொழும்புக்கு வெளிய ஒரு ஸ்டூடியோவுல பல வருசம் உடுப்பு தெச்சவங்க. பேய்ப்படம், மாந்திரீகப்படம்னா இவங்களத்தான் கூப்பிடுவாங்களாம். எண்பத்து மூணு கலவரத்துக்கு அப்புறம் ஒரு தையல் மிசினத் தூக்கிக்கிட்டு, தெஹியோவிட்டப் பக்கம் எங்க ரப்பர் தோட்டத்துக்கு வந்தாங்க. தம்பி வீட்டு முன்பக்க இஸ்தோப்புல மிசினப் போட்டு ஒக்காந்தவங்கதான். கல்யாணம் கட்டல. ஏன் அத்தைன்னு கேட்டா, "ஒருத்தனும் அளவுக்கு வரல"ம்பாங்க.

குட்டையான உருவம். கழுத்துல அளவு நாடா, ஒதட்டுல எப்பவும் குண்டூசி. ஊசியக் கவ்விக்கிட்டே பேசுவாங்க, வைவாங்க, சாமி கூடக் கும்புடுவாங்க. ஆனா மூஞ்சியப் பாத்துப் பேசமாட்டாங்க. அதுதான் அவங்ககிட்ட மொதல்ல கண்ணுல படுற சங்கதி. யாரு வந்து நின்னாலும் பார்வை நேரா தோளுக்குப் போகும், அப்புறம் கை, அப்புறம் சேலையோட அடி ஓரம். அத்தோட சரி. என்னைய "எறங்குன தோளு"ன்னுதான் கூப்பிடுவாங்க. ரப்பர்ப் பால் வாளி தூக்கித் தூக்கி எனக்கு இடது தோள் எறங்கித்தான் போயிருந்துச்சு. கண்ணாடியில தெனம் மூஞ்சி பாக்குற எனக்கே அவங்க சொல்லித்தான் தெரியும்.

தோட்டத்துப் பொம்பளைக ரவிக்கை தெக்கக் குடுப்பாங்க, பள்ளிக்கூட உடுப்பு குடுப்பாங்க. தெச்சுத் தருவாங்க, குத்தம் சொல்ல முடியாது. ஆனா அந்த வேலையில மனசு இல்ல. பேய் உடுப்பப் பத்திக் கேட்டுப் பாருங்க, மிசின நிறுத்திப்புட்டு ஆரம்பிச்சிருவாங்க.

"கறுப்பு வெள்ளைப் படத்துல வெள்ளைய வெள்ளையாக் காட்டக்கூடாது புள்ள. லைட்டுப் பட்டா கண்ணப் பறிக்கும், மூஞ்சி தெரியாது. சாயத்தண்ணியில முக்கி எடுக்கணும். நம்ம குடிக்கிற அதே தேயிலைச் சாயம்தான். அப்பத்தான் மண்ணுல புதைச்சு எடுத்த துணி மாதிரி நிக்கும்."

"பேய்க்கு இடுப்பு இருக்கக்கூடாது. இடுப்பு வெச்சா ஆம்பளைக விசில் அடிப்பான், எவன் பயப்படுவான்?"

"அடி ஓரத்துக்குள்ள ஆத்துக் கூழாங்கல்ல வெச்சுத் தெக்கணும். காத்துல படபடன்னு அடிச்சா அது கொடியில காயிற துணி. கனமா, மெதுவா அசஞ்சா அது பேய்."

ஒரு மந்திரவாதிக்குக் கறுப்பு அங்கி தெச்சாங்களாம். உள்பக்கம் ரத்தச் செவப்புல துணி குடுத்தாங்களாம். "கலர் தெரியாத படத்துக்கு எதுக்கு அத்தை செவப்பு?"ன்னு கேட்டேன். "பாக்குறவனுக்குத் தெரியாட்டி என்ன? போட்டுக்கிட்டவனுக்குத் தெரியுமில்ல? உள்ள என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சாத்தான் நடை மாறும்"ன்னாங்க.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு சொல்லுவாங்க. சொல்லும்போது கொரலு எறங்கிரும். "எல்லாம் சரியா இருக்கணும், ஒண்ணே ஒண்ணு தப்பா இருக்கணும். ரெண்டு தப்பு வெச்சா சனம் சிரிக்கும். ஒரு தப்பு வெச்சா, எது தப்புன்னு தேடித் தேடியே பயந்து போகும்."

இதெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்தப்புறந்தான், ஒரு மனுசி பயத்தப் பத்தி இவ்வளவு ஆசையாப் பேசுவாளான்னு தோணும். எங்கம்மா கூட, "அவ வாயப் பாத்துக்கிட்டு நிக்காதடி"ன்னு வையும்.

ஒரு தடவை நூலு வாங்க அவிசாவளைக்கு அவங்க கூடப் பஸ்ஸுல போனேன். யுத்தம் நடந்துகிட்டிருந்த காலம். வழியில பஸ்ஸ நிப்பாட்டி ஆமிக்காரங்க ஏறுனாங்க. தமிழ் அடையாள அட்டை வெச்சிருக்கிறவங்கள மட்டும் கீழ எறக்குவாங்க, தெரிஞ்ச கதைதான். நான் அட்டையத் தேடி எடுக்குறேன். இந்த அம்மா என்ன பண்ணுனாங்க தெரியுமா? அட்டையக் கேட்டு நின்ன பொடியனோட தோளப் பாத்து, "பொட்டக் இன்ன புத்தா"ன்னாங்க. கொஞ்சம் பொறு மகனேன்னு. பையிலருந்து ஊசி நூல எடுத்து, துவக்கோட நிக்கிறவன் தோள்ல பிரிஞ்சிருந்த தையல நின்ன வாக்குலயே தெச்சு விட்டாங்க. பஸ்ஸே மூச்ச அடக்கிக்கிட்டு ஒக்காந்திருக்கு. அவன் கூச்சத்துல நெளிஞ்சான், நூல அவங்க பல்லால கடிச்சதும் எறங்கிப் போயிட்டான்.

"உங்களுக்குப் பயமே கெடையாதா?"ன்னு கேட்டேன். திரும்பிப் பாத்தாங்க, மூஞ்சிய இல்ல, என் கையத்தான். "பயமில்லாமயா தையலப் பாத்தேன்?"ன்னாங்க.

எனக்குப் புரிஞ்சது ரொம்ப நாளைக்கு அப்புறம். மழை புடிச்சுக்கிட்ட ஒரு நாளு, பால்வெட்டு இல்ல. ரவிக்கைக்கு அளவு குடுக்கப் போனேன். கை ஏன் இவ்வளவு நீளமா வெட்டுறீங்கன்னு சும்மாதான் கேட்டேன். கத்திரியக் கீழ வெச்சுட்டாங்க.

கலவரத்தப்போ தமிழ்ச் சனத்தத் தேடி ஸ்டூடியோவுக்குள்ள ஆளுக பூந்துட்டாங்களாம். லைட் போடுற சிங்களப் பொடியன் ஒருத்தன் இவங்கள உடுப்பு ரூமுக்குள்ள தள்ளிவிட்டு, வெளிய நின்னு 'இங்க யாருமில்ல'ன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கான். அவனையும் தள்ளிக்கிட்டு உள்ள வந்துட்டாங்க. ஒளிய எடமில்ல. கம்பியில வரிசையாத் தொங்குன பேய் உடுப்புல ஒண்ண மாட்டிக்கிட்டு, தலைக்கு முக்காட்ட இழுத்து விட்டு, உடுப்போட உடுப்பாச் சொவத்துல சாஞ்சு நின்னுட்டாங்க. "ஒருத்தன் ஒவ்வொண்ணாத் தடவிக்கிட்டே வந்தான். என் கையப் புடிச்சான். துணியத்தான் புடிச்சான். பேய்க்கு விரலு தெரியக்கூடாதுன்னு நாலு விரக்கடை நீளமா வெட்டியிருந்தேன், உள்ள கை இருந்தது அவனுக்குத் தெரியல. அவன் மூஞ்சி என் மூஞ்சிக்கு நேரா. நான் அவன் சட்டைத் தையல எண்ணிக்கிட்டே நின்னேன்."

மூஞ்சியப் பாத்திருந்தா கத்தியிருப்பேன்னாங்க. அன்னையிலருந்து மூஞ்சி பாக்குறத விட்டுட்டாங்க போல. அத அவங்க சொல்லல, நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்.

இப்ப எங்கக்கா கதைக்கு வர்றேன். அத்தையப் பத்திப் பேசுனா அங்கதான் வந்து நிக்கும்.

அக்காவ பெல்மதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கட்டிக் குடுத்திருந்தாங்க. அந்தாள மச்சான்னு சொல்ல எனக்கு வாய் வராது, அந்தாளுன்னே சொல்றேன். குடிகாரன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, குடிக்காமலே அடிப்பான். அக்கா கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு ஓடி வரும். பின்னாடியே அவன் வருவான், நல்ல சட்டை போட்டு, பிஸ்கட்டும் கையுமா. எங்கப்பா, தோட்டத்துத் தலைவர், அக்கம் பக்கம் எல்லாரும் ஒக்காந்து பேசி, "குடும்பம்னா அப்பிடி இப்பிடித்தான் இருக்கும்"னு சொல்லித் திருப்பி அனுப்புவாங்க. பாவிக! ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொறைஞ்சு போயித்தான் அக்கா திரும்பி வந்துச்சு.

கடைசியா வந்தப்போ புள்ளைக்கு மூணு வயசு இருக்கும். அவன் கூட்டிப் போக வந்த மத்தியானம், எங்க வீட்டு வாசல்ல அக்காவுக்குத் திடீர்னு பேய் புடிச்சிருச்சு. முடிய விரிச்சுப் போட்டு, நாக்கத் துருத்தி, உறுமி, மண்ணுல பொரண்டுச்சு. ரப்பர் மலையில தூக்குல தொங்குன ஒருத்தியோட பேரச் சொல்லிக் கத்துச்சு. சனம் கூடிருச்சு. அவனுக்கும் மூஞ்சி வெளுத்துப் போச்சு. ஆனாலும் போகும்போது தெளிவாச் சொல்லிட்டுப் போனான். "அடுத்த ஞாயித்துக்கெழமை எங்க தோட்டத்துக் கோடாங்கியோட வர்றேன். நெசப் பேயா இருந்தா அவன் ஓட்டுவான். நடிப்பா இருந்தா சாட்டையால தோல உரிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

அத்தை அப்ப எனக்கு ரவிக்கை குடுக்க வந்திருந்தாங்க. சனம் கலையுற வரைக்கும் ஓரமா நின்னாங்க. அப்புறம் உள்ள வந்து, சொவத்துல சாஞ்சு கெடந்த அக்கா பக்கத்துல குந்துனாங்க.

"முந்தானைக்கு ஊக்கு குத்திக்கிட்டு வர்ற பேய நான் இன்னைக்குத்தாண்டி பாக்குறேன்."

அக்கா அப்பிடியே வெறைச்சுப் போச்சு. எனக்கே அப்பத்தான் தெரியும். பொரளும்போது மாராப்பு வெலகக்கூடாதுன்னு பேய் வர்றதுக்கு முன்னாடியே ஊக்கு குத்தியிருந்திருக்கு எங்கக்கா. மானத்துக்குப் பயந்த பேய்!

"அத்தை, யார்கிட்டயும் சொல்லிராதீங்க அத்தை. ஒங்க கால்ல விழறேன். இந்தத் தடவை போனா என்னையக் கொன்னே போட்ருவான்."

அத்தை அக்காவோட தோளையே பாத்துக்கிட்டிருந்தாங்க. "வலது தோள் ஏன் இப்பிடி முன்னால வந்திருக்கு?"

"முறுக்கிட்டான்."

ஒதட்டுல இருந்த ஊசியெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து சட்டையில குத்திக்கிட்டாங்க. அவங்க வாயில ஊசி இல்லாமப் பேசி அன்னைக்குத்தான் கேட்டேன். "முடி ஒரு தப்பு, நாக்கு ஒரு தப்பு, உறுமல் ஒரு தப்பு, மண்ணு ஒரு தப்பு. தெருக்கூத்தா ஆடுற? கோடாங்கி தெனம் பாக்குறது இதத்தான். ஒரே சாட்டையில கண்டுபுடிச்சிருவான்."

அந்த வாரம் பூரா எங்க வீட்டுக்கு வந்தாங்க. நான் என்னமோ வெள்ளைச் சேலைய சாயத்தண்ணியில முக்குவாங்க, ஓரத்துல கல்லு வெச்சுத் தெப்பாங்கன்னு ஆசையா இருந்தேன். ஒண்ணும் பண்ணல. "அதெல்லாம் கேமராவுக்கு. இங்க பாக்கப் போறது கண்ணு"ன்னுட்டாங்க. அக்காவோட நல்ல சேலை ஒண்ண, பச்சை நெறம், எடுத்துத் தேச்சு மடிச்சு வெச்சாங்க. எண்ணெய் வெச்சுப் படிய வாரிப் பின்னச் சொன்னாங்க. பொட்டு, பூ, எல்லாம் மங்களகரமா. கத்தக்கூடாது, ஆடக்கூடாது, வந்தவங்கள மரியாதையா வாங்கன்னு கூப்பிட்டுத் தேத்தண்ணி குடுக்கணும்.

"இதுல பேய் எங்க அத்தை இருக்கு?"ன்னு நான் கேட்டேன்.

முந்தானைய எடுத்து அக்காவோட வலது தோள்ல போட்டாங்க.

நான் ரெண்டு எட்டு பின்னால போயிட்டேன். எங்க தோட்டத்துல செத்தவளக் குளிப்பாட்டிச் சேலை சுத்துறப்போதான் முந்தானைய வலது பக்கம் போடுவாங்க. உசுரோட இருக்கிறவ யாரும் மறந்து கூட அப்பிடிக் கட்டமாட்டா. எங்கக்காதான் நிக்குதுன்னு தெரியும், பூ வாசம் கூட வருது. இருந்தாலும் என்னால பக்கத்துல போக முடியல.

ஞாயித்துக்கெழமை வந்தாங்க. கோடாங்கி உடுக்கையும் சாட்டையுமா வாசல்ல ஒக்காந்தான். அந்தாளு அவனுக்குப் பின்னால கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான். லயத்து வரிசை வீட்டுச் சனம் மொத்தமும் இருக்கு. அத்தை கூட்டத்துல எங்கயோ. ஏதாவது பெசகுனா அக்காவ இழுத்துக்கிட்டுப் போயிருவான், அப்பாவும் பாத்துக்கிட்டு நிப்பாரு.

உடுக்கை சத்தம் கெளம்புச்சு. அக்கா உள்ளருந்து தேத்தண்ணித் தட்டோட வந்துச்சு. தலை குனிஞ்சு, மெதுவா. மொதல்ல யாருக்கும் ஒண்ணும் தெரியல. ஒரு கெழவிதான் மொதல்ல பாத்து வாயப் பொத்துச்சு. அப்புறம் பக்கத்துல இருந்தவ பாத்தா. அப்பிடியே சத்தம் அடங்கிக்கிட்டே வந்து, கடைசியில உடுக்கையும் நின்னு போச்சு. அக்கா யாரையும் பாக்கல. அந்தாளுக்கு முன்னால போயித் தட்ட நீட்டுச்சு.

"வாங்க. குடிங்க."

அவன் கோப்பையத் தொடவே இல்ல. அப்பத்தான் அக்கா ஒண்ணு சொல்லுச்சு. அத்தை சொல்லிக் குடுக்காதது அது, சத்தியமா.

"போவோமாங்க? நாங்க ரெண்டு பேரும் வர்றோம்."

அவன் பின்னால நகந்து, கோடாங்கியோட சாட்டைய மிதிச்சு விழுந்து எந்திரிச்சு, கீழ ரோட்டுக்கு எறங்குனவன்தான். திரும்பிப் பாக்கல. கோடாங்கி உடுக்கையப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, "இது என் கைக்கு அடங்காது"ன்னுட்டுப் போயிட்டான்.

நான் சந்தோசத்துல அத்தையத் தேடுனேன். ஸ்டோர் பக்கம் ஒரு ரப்பர் மரத்தடியில குந்தி வாந்தி எடுத்துக்கிட்டிருந்தாங்க. "என்னாச்சு அத்தை, நல்லாத்தானே நடந்துச்சு?"ன்னேன். "ரொம்ப நல்லா நடந்துருச்சு புள்ள"ன்னாங்க.

அவங்க சொன்னது சரிதான். தோட்டமே எங்கக்காவப் பாத்துப் பயந்துச்சு. அவனோட ஆளுக யாராவது நோட்டம் பாப்பாங்கன்னு அக்கா முந்தானைய மாத்தவே இல்ல. பீலியில அக்கா தண்ணி புடிச்சா மத்தவங்க கொடத்தக் கழுவிட்டுத்தான் புடிப்பாங்க. பால்வெட்டுல பக்கத்து வரிசை எடுக்க ஆள் வராது. பக்கத்து ஊருச் சிங்களப் பொம்பளைக கூட 'ஹொல்மன், ஹொல்மன்'னு, பேயி பேயின்னு, சொல்லிப் பாதைய மாத்திப் போகும். அதெல்லாம் எங்கக்கா தாங்கிக்கிச்சு. அடி இல்லையே, அது போதும்னு சொல்லும். ஆனா பெத்த புள்ளை? பிள்ளைமடுவத்துல மத்தப் புள்ளைக "ஒங்கம்மா பேயி"ன்னு சொல்லிச் சொல்லி, அது அக்கா கையால சோறு வாங்குறத நிறுத்திருச்சு. அக்கா தூக்கப் போனா வீல்னு கத்திக்கிட்டு என் பாவாடைக்குள்ள வந்து பூந்துக்கும். எங்கக்கா அடுப்படியில போயி, சத்தம் வராம, துணிய வாயில அடைச்சுக்கிட்டு அழும். எந்த அடிக்கும் அது அப்பிடி அழுததில்ல.

இந்தச் சேதி பெல்மதுளைக்குப் போகாம இருக்குமா? அந்தாளோட ஆத்தா ஆள் அனுப்புனா. பேய் புடிச்சவகிட்ட பேத்திய விட முடியாது, வர்ற ஞாயித்துக்கெழமை வந்து தூக்கிட்டுப் போறேன்னு. தலைவரும் "அது நியாயம்தானே"ன்னுட்டாரு. அப்பா தலையாட்டுனாரு.

நெனச்சுப் பாருங்க. நடிப்புன்னு சொன்னா அக்காவ இழுத்துட்டுப் போவான். பேய்தான்னு இருந்தா புள்ளைய இழுத்துட்டுப் போவா. "அத்தை, இதக் கழட்ட முடியாதா?"ன்னு அக்கா கேட்டுச்சு. அத்தை மிசின் சக்கரத்தக் கையால உருட்டுனாங்க. "தெச்ச உடுப்பு யார் மேலயாவது இருந்தாகணும்"ன்னாங்க. எங்களுக்கு வெளங்கல.

அந்த ஞாயித்துக்கெழமை மாமியாக்காரி வந்தா, கூட அதே கோடாங்கி. புள்ளைக்குப் புதுச் சட்டையெல்லாம் வாங்கிட்டு வந்திருந்தா. வாசல்ல தலைவர், அப்பா, லயத்து ஆளுக. புள்ளை என் காலக் கட்டிக்கிட்டு நிக்குது. அக்கா சொவத்தோட சொவரா நிக்குது. மாமியாக்காரி புள்ளையோட கையப் புடிச்சு இழுக்குறா.

அத்தை வந்தாங்க. எப்பவும் போலத்தான், கழுத்துல நாடாவோட. யாரையும் சட்டை பண்ணாம நேரா அக்காகிட்டப் போயி, வலது தோள்ல இருந்த முந்தானைய எடுத்து, உதறி, மடிப்பு மடிப்பா மடிச்சு, இடது தோள்ல போட்டு ஊக்கு குத்துனாங்க. அவ்வளவு சனத்துக்கு முன்னால. அக்காவோட கன்னத்தத் தட்டிட்டுத் திரும்புனாங்க.

திரும்பி எங்க மூஞ்சியப் பாத்தாங்க.

வேற ஒண்ணும் செய்யல. சேலை ஒழுங்கா இருந்துச்சு, முடி ஒழுங்கா இருந்துச்சு. அத்தனை வருசம் எங்க தோளையும் கையையும் மட்டும் பாத்த மனுசி, ஒவ்வொருத்தர் மூஞ்சியா, கண்ணுக்கு நேரா, நின்னு நின்னு பாத்துக்கிட்டே வந்தாங்க. தலைவர் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அப்பா ஒரு எட்டு பின்னால போனாரு. என்கிட்ட வந்தப்போ அந்தக் கண்ணுக்குள்ள பாத்தேன். நடிப்புன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நானே கண்ணத் தாழ்த்திக்கிட்டேன். அது முழுக்க நடிப்புத்தானான்னு இன்னைக்கு வரைக்கும் என்னால அடிச்சுச் சொல்ல முடியல.

கடைசியா மாமியாக்காரிக்கு முன்னால நின்னாங்க. மூக்குக்கு மூக்கு. கொரலு அவ்வளவு சாந்தமா இருந்துச்சு.

"புள்ளை ஆத்தாகிட்டயே இருக்கட்டும். ஒங்க மகன் யாரையாவது கூப்பிட வந்தா, நான் வர்றேன் அவன்கூட."

புள்ளையோட கைய அவ எப்ப விட்டான்னு யாருமே பாக்கல. கோடாங்கிதான் மெதுவா, "ஆள் மாறிருச்சு"ன்னான். சாட்டையத் தொடவே இல்ல அவன். அடுத்த மாசமே அந்தாளு கொழும்புல ஹோட்டல் வேலைக்கு ஓடிட்டான்னு கேள்வி. சாகுற வரைக்கும் எங்க பக்கம் தலை வெச்சுப் படுக்கல.

அக்கா தலைக்கு ஊத்தி, கோயில்ல வெளக்கேத்துச்சு. அஞ்சாறு நாளு புள்ளை தூரமா நின்னே பாத்துச்சு. அப்புறம் ஒரு நாளு தானா வந்து மடியில ஒக்காந்து, சோத்துக்கு வாயத் தொறந்துச்சு. நான் வெளிய போயி வாய் விட்டு அழுதேன்.

அத்தைய யாரும் விட்டு வைக்கல. ரவிக்கை குடுத்திருந்தவங்க தெக்காத துணியத் திருப்பி வாங்கிட்டுப் போனாங்க, அதுவும் புள்ளைகள அனுப்பி. இஸ்தோப்புப் பக்கம் கல்லு விழுந்துச்சு. தம்பி பொண்டாட்டி வயித்துப் புள்ளைக்காரி, "அவங்க இருந்தா நான் இருக்கமாட்டேன்"னுட்டா. நெனச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியுது. அந்தச் சனம் போட்டிருந்த சட்டையெல்லாம் அவங்க கையால தெச்சதுதான். நானும் அக்காவும் யாரும் பாக்காத நேரம் போனா கூட, "பக்கத்துல வராதீங்க, மறுபடி ஒங்க மேல வந்துருச்சும்பாங்க"ன்னு கதவ அடைச்சுக்குவாங்க.

அவங்க போன அன்னைக்குக் காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டு முடிஞ்சு சனமெல்லாம் ரோட்டோரம் நிக்குது. தம்பிகாரன் தள்ளு வண்டியில மிசின வெச்சு முன்னால தள்ளிக்கிட்டுப் போறான். இரத்தினபுரிப் பக்கம் யாரோ தெரிஞ்சவங்க வீடுன்னு சொன்னாங்க. எந்த வீடுன்னு எங்களுக்குச் சொல்லல. அவங்க நடந்து வர வர, ரெண்டு பக்கமும் பொம்பளைக புள்ளைகள இழுத்து அணைச்சுக்கிட்டு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க.

எங்கக்கா வாளியக் கீழ போட்டுட்டு ஓடப் பாத்துச்சு. நான் கையப் புடிச்சிட்டேன். கண்ணுல தண்ணி தாரையா ஊத்துது. எல்லாரும் பாக்குறாங்க. பேய் வெலகுனவ பேயப் பாத்து அழுதா என்னாகும்?

அத்தை எங்களத் தாண்டும்போது நடை கொறையல, திரும்பவும் இல்ல. ஒதட்டு அசையாம, எங்களுக்கு மட்டும் கேக்குற மாதிரி சொல்லிட்டுப் போனாங்க.

"அழாதடி. புள்ளையத் தூக்கிக்க. என்னையப் பாத்துப் பயந்த மாதிரி நில்லு."

அக்கா புள்ளையத் தூக்கி நெஞ்சோட அணைச்சு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னுச்சு.